எல்சாவை வளர்த்த ஜாய் ஆடம்சன் அம்மையார்

உயிர்களிடத்து இரக்கம் கொள்ளுதல் நம் இல்லங்களில் மழலைப் பருவத்திலேயே ஊட்டப்பெறும் பண்பாகும். எறும்பு ஊரும் வழியை மிதியாது விலகி நடப்பதும், நீரை வடிகட்டிப் பருகுவதும், பொழுது சாயுமுன் உண்டு முடிப்பதும் நம் பிள்ளைகள் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்பவை. ஆயினும் மரத்தடியில் விழுந்து கிடக்கும் அணில் குட்டியையோ, சிறகொடிந்த பறவையையோ, தாயைக் காணாது தவிக்கும் மான் குட்டியையோ கண்டால் செய்யத்தக்கது யாது என்று கேட்பின், பெரியவர்களும் சற்றே திகைப்பர். இரக்கம் உடனே கையை நீட்டச் சொல்லும். நீட்டிய கை அவ்வுயிருக்கு நன்மை செய்யுமா, தீமை செய்யுமா என்பது அடுத்து எழும் வினா. அந்த வினாவுக்குத் தம் வாழ்நாளில் பல ஆண்டுகளைச் செலவிட்டு விடை தேடியவர் ஜாய் ஆடம்சன் அம்மையார். அவருடைய வெற்றிகளிலிருந்து கற்பதற்கு எவ்வளவு உண்டோ, அவர் பட்ட துன்பங்களிலிருந்து கற்பதற்கும் அவ்வளவு உண்டு.

இளமைப் பருவம்

ஜாய் அம்மையார் 1910-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 20-ஆம் நாள், அன்றைய ஆஸ்திரியப் பேரரசைச் சார்ந்த டிராப்பாவ் நகரில் பிறந்தார். அந்நகர் இன்று செக் குடியரசில் ஓபாவா என்னும் பெயருடன் விளங்குகிறது. பெற்றோர் இட்ட பெயர் ஃப்ரீடரிக்கே விக்டோரியா கெஸ்னர். செல்வக் குடும்பம், காடும் தோட்டமும் சூழ்ந்த பண்ணை. அத்தகைய பண்ணைகளில் வேட்டை என்பது பெரிய மனிதரின் பொழுதுபோக்காகக் கருதப்பட்ட காலம் அது. சிறுமியாக இருந்தபோது பண்ணைக் காவலருடன் சென்று அவரும் ஒரு மானைச் சுட்டு வீழ்த்தினார். வீழ்ந்த உயிரைக் கண்ட மனம் கலங்கியது. இனி விளையாட்டுக்காக எவ்வுயிரையும் கொல்வதில்லை என்று அன்றே உறுதி பூண்டார்.

பெற்றோர் மணமுறிவு செய்துகொண்டமையால் வியன்னா நகரில் பாட்டியாரின் அரவணைப்பில் வளர்ந்தார். பியானோ இசை பயின்றார், சிற்பம் கற்றார், மருத்துவம் படிக்கவும் எண்ணினார். எதிலும் மனம் நிலைகொள்ளவில்லை. 1935-இல் வியன்னாவைச் சேர்ந்த விக்டர் வான் கிளார்வில் என்பவரை மணந்தார். நாஜிகளின் கொடுமை ஐரோப்பாவைச் சூழ்ந்து வந்த நேரம். யூதராகிய அவர் வேறு நாட்டில் வாழ வழி தேடினார். அதன் பொருட்டு 1937-இல் ஜாய் அம்மையார் ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டுக்கு முன்னதாகப் பயணமானார். கென்யா மண் அவரைப் பற்றிக்கொண்டது. முதல் மணம் முறிந்தது. 1938-இல் பீட்டர் பாலி என்னும் தாவரவியல் அறிஞரை மணந்தார். மகிழ்ச்சி என்னும் பொருள்படும் ஜாய் என்ற பெயரை அவருக்குச் சூட்டியவர் பாலியே ஆவார்.

பாலியின் துணையால் அம்மையாரின் தூரிகை விழிப்புற்றது. கென்யாவின் மலைகளிலும் பாலை நிலங்களிலும் அலைந்து மலர்களையும் செடிகொடிகளையும் வரைந்தார். 1947-இல் இங்கிலாந்து அரச தோட்டக்கலைக் கழகம் அவருக்கு கிரென்ஃபெல் தங்கப் பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. பின்னர் கென்ய அரசு, மறைந்து வரும் பழங்குடி மக்களின் உடை அணிகளைப் படங்களில் பதிவு செய்யும் பணியை அவரிடம் ஒப்படைத்தது. நூற்றுக்கணக்கான உருவப்படங்களை அவர் தீட்டினார்.

இரண்டாம் மணமும் நிலைக்காமற் போகவே, 1944-இல் ஜார்ஜ் ஆடம்சன் என்பவரைக் கைப்பிடித்தார். ஜார்ஜ் 1906-இல் நம் பாரத நாட்டில் எட்டாவா நகரில் பிறந்தவர். கென்யாவின் வட எல்லைப் பகுதியில் வனவிலங்குக் காவல் அலுவலராகப் பணியாற்றி வந்தார். இசியோலோ என்னும் சிற்றூரில் இருந்தது அவர்களது இல்லம்.

மூன்று குட்டிகள்

1956-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் அவ்வில்லத்தின் போக்கையே மாற்றியது. மனிதனைக் கொன்ற சிங்கம் ஒன்றைத் தேடி ஜார்ஜும் அவருடைய துணை அலுவலரும் காட்டுக்குள் சென்றிருந்தனர். பாறைகளின் நடுவிலிருந்து பெண்சிங்கம் ஒன்று சீறிப் பாய்ந்தது. தற்காப்புக்காகச் சுட நேர்ந்தது. அது வீழ்ந்த பின்னரே அதன் மடியில் பால் சுரந்திருப்பதை அவர்கள் கண்டனர். தன் குட்டிகளைக் காக்கவே அத்தாய் பாய்ந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. பாறை இடுக்கில் தேடியபோது பிறந்து சில நாள்களே ஆன மூன்று பெண் குட்டிகள் கிடைத்தன.

இங்கே வாசகர்கள் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் நலம். அக்குட்டிகள் உண்மையாகவே அநாதைகள். தாய் இறந்ததைக் கண்ணாரக் கண்டவர் ஜார்ஜ். அங்கேயே விட்டு வந்தால் அவற்றுக்கு இறப்பு உறுதி. எனவே அவர் அவற்றை எடுத்து வந்தது முறையே. நாம் வழியில் காணும் குட்டிகளுள் பெரும்பாலானவை அத்தகையன அல்ல. இவ்வேறுபாட்டைப் பின்னர் விரித்துரைப்பேன்.

குட்டிகள் முதலில் எதையும் அருந்தவில்லை. சர்க்கரை சேர்க்காத டப்பாப் பாலில் நீர் கலந்து, ரப்பர்க் குழாய் வழியே ஊட்டிப் பழக்கினார் அம்மையார். மீன் எண்ணெயும் குளுக்கோஸும் அப்பாலில் கலந்தார். இரவும் பகலும் கண் துஞ்சாது காத்தார். மூன்றனுள் மிகச் சிறியதும் மெலிந்ததுமான குட்டிக்கு எல்சா என்று பெயரிட்டார்.

குட்டிகள் வளர வளர மூன்று சிங்கங்களை வீட்டில் வைத்துக் காப்பது இயலாது என்பது தெளிவாயிற்று. சில மாதங்களில் மூத்த இரண்டும் ஹாலந்து நாட்டு ராட்டர்டாம் விலங்குக்காட்சிச் சாலைக்கு அனுப்பப்பட்டன. எல்சா மட்டும் தங்கினாள். ஆடம்சன் தம்பதியருடன் காட்டிலும் ஏரிக்கரையிலும் நடந்தாள், வண்டியின் மேற்கூரையில் அமர்ந்து பயணம் செய்தாள், கூடாரத்தில் உறங்கினாள்.

விடுதலைக்குப் பயிற்சி

எல்சா இரண்டு வயதைக் கடந்தபோது கடினமான முடிவு ஒன்றை எடுக்க வேண்டியதாயிற்று. அவளையும் கூண்டுக்கு அனுப்புவதா, காட்டில் விடுவதா? மனிதர் கையில் வளர்ந்த சிங்கம் காட்டில் பிழைக்காது என்பதே அந்நாளைய பொதுக் கருத்து. அம்மையார் விடுதலையைத் தேர்ந்தார்.

முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது. மசாய் மாரா என்னும் புல்வெளிப் பகுதியில் எல்சாவை விட்டனர். தட்பவெப்பம் அவளுக்கு ஒவ்வவில்லை. வேட்டையாடவும் தெரியவில்லை. நோயுற்று மெலிந்தாள். வேறு பொறுமையற்ற உள்ளமாயின், இவள் கூண்டுக்கே உரியவள் என்று தீர்ப்பளித்திருக்கும். ஆடம்சன் தம்பதியர் அவளை மீண்டும் அழைத்து வந்து தேற்றி, அவள் பிறந்த பகுதியை ஒத்த வெப்ப நிலத்தைத் தேடினர். மேரு பகுதியில் ஊரா ஆற்றங்கரை கிடைத்தது.

அங்கே முறையாகப் பயிற்சி தொடங்கியது. ஆசிரியத் தொழிலில் வாழ்நாளைக் கழித்த எனக்கு இப்பகுதியைப் படிக்குந்தோறும் வியப்பு மேலிடுகிறது. நல்லாசிரியர் மாணவனைத் தாங்கி நிற்பதும் உண்டு. கையை மெல்ல விலக்கிக் கொள்வதும் உண்டு. அம்மையார் முதலில் எல்சாவை ஓரிரு நாள் தனியே விட்டார். பின்னர் அந்நாள்களின் எண்ணிக்கையைக் கூட்டினார். திரும்பி வந்து பார்க்கையில் அவள் பசித்திருந்தால் உணவளித்தார். வயிறு நிறைந்திருந்தால் மகிழ்ந்து விலகினார். மெல்ல மெல்ல எல்சா தானே இரை தேடக் கற்றாள். காட்டுச் சிங்கம் ஒன்றுடன் கூடி, 1959 டிசம்பரில் மூன்று குட்டிகளை ஈன்றாள். சில வாரங்கள் கழித்து அக்குட்டிகளை ஆற்றைக் கடந்து அழைத்து வந்து, தன்னை வளர்த்தவரிடம் காட்டினாள்.

அப்போது அம்மையார் செய்த செயலே அவருடைய அன்பின் முதிர்ச்சியைக் காட்டுகிறது. எல்சாவை மார்போடு அணைத்து வளர்த்த அவர், அவளுடைய குட்டிகளைக் கொஞ்சிப் பழக்குவதைத் தவிர்த்தார். அவை மனிதரை அஞ்சி வாழ வேண்டிய காட்டு உயிர்கள் என்பதை உணர்ந்திருந்தார். தொட விரும்பும் கையைத் தொடாது மடக்குவதும் ஒரு நோன்பே அன்றோ!

இவ்வரலாற்றை அவர் 1960-இல் பார்ன் ஃப்ரீ என்னும் நூலாக வெளியிட்டார். பிறப்பிலேயே விடுதலை உடையவள் என்பது அத்தலைப்பின் கருத்து. பற்பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, அந்நூல் உலகெங்கும் விற்பனையாகியது. தொடர்ந்து லிவிங் ஃப்ரீ, ஃபாரெவர் ஃப்ரீ என்னும் நூல்கள் வெளிவந்தன. வருவாயின் பெரும் பகுதியை வனவிலங்குப் பாதுகாப்புக்கே அறக்கட்டளை வழியாகச் செலவிட்டார். 1966-இல் இக்கதை திரைப்படமாகி, இசைக்காக இரு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது.

துன்பங்களும் படிப்பினைகளும்

எல்சாவின் வாழ்வு நீளவில்லை. 1961 சனவரியில், உண்ணிகளால் பரவும் பபேசியா என்னும் இரத்த நோய் தாக்கி, ஐந்து வயது நிறையுமுன்னரே இறந்தாள். ஊரா ஆற்றங்கரையில் மர நிழலில் அவளை அடக்கம் செய்தனர்.

தாயை இழந்தபோது குட்டிகளுக்கு ஓராண்டே கடந்திருந்தது. முறையாக வேட்டையாடத் தெரியாத அவை, அண்டை ஊராரின் ஆடுகளைப் பிடிக்கத் தலைப்பட்டன. ஆட்டை இழந்த ஏழை இடையனுக்குச் சிங்கத்தின் பெருமையா தெரியும்? அம்பெய்தனர். ஜெஸ்பா என்னும் ஆண் குட்டியின் உடலில் அம்பு முனை தைத்தது. வேறு வழியின்றி மூன்றையும் பிடித்து, தாங்கனீக்கா நாட்டின் செரங்கெட்டிப் பூங்காவுக்குக் கொண்டு சென்று விட்டனர். அங்கு நெடுநாள் தங்கி அவற்றைக் கவனிக்கப் பூங்கா நிருவாகம் இசைவு தரவில்லை. அம்பு முனையைச் சுமந்த குட்டியைத் தேடித் தேடி அம்மையார் பல மாதங்கள் அலைந்தார். மீண்டும் அவர் கண்ணில் அது படவில்லை.

இங்கு நம் போன்ற கொல்லாமை நெறியினரின் உள்ளத்தை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. வேட்டையை வெறுத்த அம்மையாரின் சிங்கத்துக்கு ஊன் தேவைப்பட்டது. எல்சாவின் பொருட்டு ஜார்ஜ் மான்களையும் பிற விலங்குகளையும் சுட்டார். அவளுடைய குட்டிகளின் பொருட்டு ஆடுகள் விலைக்கு வாங்கப்பட்டன. ஓர் உயிரைக் காக்கப் பல உயிர்கள் நீங்கின. இதனை மூடி மறைத்துவிட்டு அம்மையாரின் புகழை மட்டும் பாடுதல் நேர்மையாகாது. சிங்கத்தின் இயல்பு அது. அதன்மேல் பழி இல்லை. ஆனால் அதன் உணவுப் பொறுப்பை மனிதன் ஏற்றுக்கொண்ட நொடியே, அவ்வுணவின் வினையும் அவன் வாயிலில் வந்து நிற்கிறது. காட்டு விலங்கை வீட்டில் வளர்க்க எண்ணுவோர் முதலில் எடைபோட வேண்டியது இதுவே.

மற்றொரு படிப்பினை இன்னும் கசப்பானது. திரைப்படத்தில் நடித்த சிங்கங்களுள் சிலவற்றை ஜார்ஜ் மேருவில் விடுதலை செய்தார். அவற்றுள் பாய் என்னும் ஆண்சிங்கம் மனிதரிடம் அச்சமின்றிப் பழகியது. 1969-இல் அது பூங்கா அலுவலரின் சிறு மகனைத் தாக்கியது. பிள்ளை உயிர் பிழைத்தான். 1971-இல் கோரா என்னுமிடத்தில் ஜார்ஜின் உதவியாளர் ஒருவரைக் கொன்றது. தாம் வளர்த்த அச்சிங்கத்தைத் தம் கையாலேயே ஜார்ஜ் சுட நேர்ந்தது. மனிதரிடம் அச்சத்தை இழந்த விலங்கு மனிதருக்கும் ஆபத்து, தனக்கும் ஆபத்து. அவ்வச்சம் இயற்கை அதற்கு அணிவித்த கவசம். நாம் கொஞ்சிக் கொஞ்சி அக்கவசத்தைக் கழற்றி விடுகிறோம்.

அம்மையாரும் இவற்றைக் கண்டு தம் முறைகளைத் திருத்திக்கொண்டார். 1964-இல், கென்யாவை விட்டுச் சென்ற ஆங்கிலக் குடும்பம் ஒன்று வளர்த்துவந்த பிப்பா என்னும் சிவிங்கிப் புலியை ஏற்று, மேருவில் பொறுமையுடன் காட்டு வாழ்வுக்குப் பழக்கினார். அது பலமுறை குட்டிகளை ஈன்றது. 1969-இல் கால் முறிந்து சிகிச்சை பெறுகையில் இறந்தது. அதே ஆண்டில் நேர்ந்த வண்டி விபத்தில் அம்மையாரின் வலக்கை நலிவுற்றது. படம் தீட்டிய கை, பியானோ வாசித்த கை, பழைய திறனை மீண்டும் பெறவில்லை. அதன் பின்னும் அவர் ஓய்ந்தாரில்லை. 1976-இல் பென்னி என்னும் சிறுத்தைக் குட்டியை ஏற்று, ஷாபா வனக் காப்பகத்தில் கூடாரமிட்டு, தம் அறுபத்தேழாம் வயதிலும் அதனைக் காட்டுக்குப் பழக்கினார். பென்னியும் தாயானது.

மறைவு

1980 சனவரி 3-ஆம் நாள் மாலை, ஷாபாவில் தம் கூடாரத்துக்கு அருகே அம்மையார் இறந்து கிடந்தார். சிங்கம் கொன்றது என்றே முதலில் செய்தி பரவியது. உடலை ஆய்ந்தபோது அது கூரிய கருவியால் நேர்ந்த கொலை எனப் புலனாயிற்று. வேலையிலிருந்து நீக்கப்பட்ட பணியாள் ஒருவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. வாழ்நாளெல்லாம் சிங்கம், சிறுத்தைகளின் நடுவே உலவியவரின் உயிர் மனிதன் கையால் பிரிந்தது. அவருடைய சாம்பல் எல்சா, பிப்பா ஆகியவற்றின் கல்லறைகளில் தூவப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1989 ஆகஸ்டில் கொள்ளையர் கையால் ஜார்ஜும் மாண்டார். நைவாஷா ஏரிக்கரையில் அம்மையார் வாழ்ந்த எல்சாமியர் இல்லம் நினைவு இல்லமாக மாறியது.

அம்மையார் குறையற்றவர் என்று கூற இயலாது. முன்கோபம் மிக்கவர், உடன் வாழ்வோர்க்குக் கடினமானவர் என்று அவரை அறிந்தோர் எழுதியுள்ளனர். ஆயினும் அவர் இட்ட விதை முளைத்தது. திரைப்படத்தில் ஆடம்சன் தம்பதியராக நடித்த வர்ஜீனியா மெக்கென்னாவும் பில் டிராவர்ஸும் வாழ்க்கையிலும் கணவன் மனைவியர். அவர்களுடன் மற்றொரு படத்தில் நடித்த போலே போலே என்னும் யானைக் கன்று இலண்டன் விலங்குக்காட்சிச் சாலைக்கு அனுப்பப்பட்டு, 1983-இல் இளம் வயதிலேயே இறந்தது. அத்துயரில் அவர்கள் 1984-இல் தொடங்கிய இயக்கமே பின்னர் பார்ன் ஃப்ரீ அறக்கட்டளையாக வளர்ந்தது.

நாம் செய்யத்தக்கவை

சிங்கக் குட்டி நம் வாயிலுக்கு வரப்போவதில்லை. வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் வட்டாரங்களில் நம்மவர் வாழும் சிற்றூர்களின் வயல்வெளிகளில் மயிலும் முயலும் கீரியும் அணிலும் உண்டு. நகர வீடுகளின் மாடங்களில் புறாவும் மைனாவும் கிளியும் கூடு கட்டுகின்றன. அம்மையாரின் வாழ்வு கற்பிக்கும் பாடத்தை அங்கே பயன்படுத்தலாம்.

முதலாவது, எடுக்குமுன் நின்று நோக்குக. குட்டி தனித்திருப்பதனாலேயே அநாதை ஆகிவிடாது. தாய் முயல் பகற்பொழுதில் குட்டியின் அருகே இராது. பகைவர் கண்ணில் படாதிருக்க விலகி நின்று, உரிய வேளையில் வந்து பாலூட்டும். மானும் கன்றைப் புல்லில் மறைத்துவிட்டு மேயச் செல்லும். அதனைக் கண்டவர் இரக்கப்பட்டு வீட்டுக்கு எடுத்துச் சென்றால், தாயிடமிருந்து பிள்ளையைக் களவாடியவராவார். இறகு முளைத்துத் தத்திப் பறக்கும் பறவைக் குஞ்சு தரையில் காணப்பட்டால், அது பறக்கப் பயில்கிறது என்று கொள்க. பெற்றோர் அருகிலேயே இருந்து உணவூட்டும். நாய், பூனை அணுகாதபடி காத்தாலே போதும். இறகு முளைக்காத குஞ்சாயின், கூடு எட்டும் உயரத்தில் இருந்தால் மெல்ல எடுத்துக் கூட்டில் வைக்கலாம். மனிதர் தொட்டால் தாய்ப் பறவை ஏற்காது என்பது தவறான நம்பிக்கை. அணில் குட்டியை, விழுந்த மரத்தின் அடியிலேயே சிறு பெட்டியில் வைத்து எட்ட நின்றால், தாய் அணில் வந்து வாயால் கவ்விச் செல்வதைக் காணலாம்.

மராட்டிய மாநிலத்தின் கரும்புத் தோட்டங்களில் அறுவடையின்போது சிறுத்தைக் குட்டிகள் கிடைப்பது வழக்கம். வனத்துறையினர் அவற்றைப் பரிசோதித்து, அந்தி வேளையில் எடுத்த இடத்திலேயே பெட்டியில் வைத்துவிட்டு விலகுகின்றனர். இரவில் தாய் வந்து ஒவ்வொன்றாகக் கொண்டு செல்கிறது. எத்தனை கைகள் வளர்த்தாலும் தாய்க்கு ஈடாகா என்பதை அனுபவத்தால் உணர்ந்து மேற்கொண்ட முறை இது.

இரண்டாவது, உண்மையாகவே அடிபட்டது என்றால் தாமதம் கூடாது. குருதி வடிதல், சிறகு தொங்குதல், எழ இயலாமை, பூனை கவ்விய காயம், காற்றாடி நூலில் சிக்கிய வெட்டு, அருகிலேயே தாய் இறந்து கிடத்தல் ஆகியவை உதவி வேண்டும் என்பதற்கு அறிகுறிகள். மென்மையான துணியால் மூடி எடுத்து, காற்றுத் துளைகள் இட்ட அட்டைப் பெட்டியில் பழைய பருத்தித் துணி விரித்து வைக்க வேண்டும். பெட்டியை மூடி, ஓசையும் வெளிச்சமும் இல்லாத இடத்தில் வைத்தல் நன்று. அடிக்கடி திறந்து பார்த்தல், அண்டை வீட்டுப் பிள்ளைகளை அழைத்துக் காட்டுதல், தடவிக் கொடுத்தல் ஆகியவை கூடா. நமக்கு அன்பாகத் தோன்றும் வருடல், காட்டு உயிருக்குப் பகைவனின் பிடியாகவே தோன்றும். அவ்வச்சமே சில வேளைகளில் அதன் உயிரைப் போக்கிவிடும்.

மூன்றாவது, அறியாமல் எதையும் ஊட்டலாகாது. பறவைக்குப் பசும்பால் செரிக்காது. அலகைப் பிளந்து நீர் ஊற்றினால் அது மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். குளிர்ந்து சோர்ந்த குட்டிக்கு முதலில் வேண்டியது மிதமான வெப்பம். உணவு பற்றி அறிந்தவரைக் கேட்ட பின்னரே கொடுக்க வேண்டும். ஆடம்சன் அம்மையார் பாலூட்டி வளர்த்தாரே என்று வாதிடலாம். உதவி எளிதில் கிடைக்காத காட்டில், தாய் இறந்த குட்டிகளுக்கு அவர் செய்தது அது. நமக்கு அருகிலேயே கால்நடை மருத்துவமனையும் வனத்துறை அலுவலகமும் உள்ளன.

நான்காவது, நம் பாதுகாப்பையும் மறத்தலாகாது. குரங்கு, வௌவால், நரி, கீரி முதலியவற்றை வெறுங்கையால் தொடுதல் கூடாது. கடித்தாலோ பிறாண்டினாலோ அவ்விடத்தைச் சோப்பு இட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவி, உடனே மருத்துவரிடம் சென்று வெறிநோய்த் தடுப்பூசி இட்டுக்கொள்ள வேண்டும். பாம்பைக் கண்டால் அடிக்காமலும் பிடிக்க முனையாமலும் எட்ட நின்று, தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ தெரிவித்தல் வேண்டும்.

ஐந்தாவது, காட்டுயிர் நம் உடைமை ஆகாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அத்தகைய உயிர் நம் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ அறிவிக்க வேண்டும். கிளியைக் கூண்டில் வைப்பதும் அச்சட்டப்படி குற்றமே. விழுந்த குஞ்சை எடுத்து வளர்த்தோம், அது எங்களிடம் அன்பாக இருக்கிறது என்று கூறுவோர் பலர். அன்பின் பெயரால் இட்ட கூண்டுக்கும் கம்பிகள் உண்டு.

ஊன் உண்ணும் பறவை நம் இல்லத்தில் வந்து விழுந்தால் என் செய்வது என்னும் ஐயம் நம்மவர்க்கு எழுவது இயல்பே. பருந்துக் குஞ்சுக்குப் பாலும் பழமும் ஊட்டினால் அது மெலிந்து மடியும். ஊன் கொடுக்க நம் மனம் ஒவ்வாது. இரண்டுக்கும் இடையே உள்ள நேர்வழி, காலம் தாழ்த்தாது உரியவரிடம் ஒப்படைத்தலே. தில்லிச் செங்கோட்டைக்கு எதிரில் நம் சமயத்தார் நடத்தும் பறவை மருத்துவமனை உலகப் புகழ் பெற்றது. அங்கே தானியமும் பழமும் உண்ணும் பறவைகளை உள்ளே வைத்துப் பேணுகின்றனர். ஊன் உண்ணும் பறவைகளுக்கு மருந்திட்டு அனுப்புவதே அங்குள்ள மரபு. அவ்வாறு அனுப்பப்படும் பறவையைத் தொடர்ந்து பேணவும் ஒருவர் வேண்டும் அல்லவா? நமக்கு இயலாத பணியைச் செய்வோரை இகழாது, அவர்களிடம் அவ்வுயிரைப் பத்திரமாகச் சேர்ப்பித்தலும் நம் கடமையில் அடங்கும்.

உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என நால்வகைத் தானங்களை நம் பெரியோர் வகுத்தனர். அவற்றுள் அடைக்கல தானமாகிய அபயதானம் அச்சத்தை நீக்குவது. வீட்டில் கட்டி வளர்ப்பதால் காட்டுயிரின் அச்சம் நீங்காது. அதன் தாயிடமும் மரத்திடமும் வானிடமும் திரும்பச் சேர்ப்பதாலேயே நீங்கும். எல்சாவைக் கூண்டுக்கு அனுப்பாது காட்டில் விட்ட நாளில் ஆடம்சன் அம்மையார் செய்தது அத்தானமே. அவளை விட்டுப் பிரிந்து கூடாரத்துக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் அவர் பெருந்துயர் உற்றார். எனினும் திரும்பினார். பெற்றோரும் ஆசிரியரும் இவ்வரலாற்றைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பாராக. அடுத்த முறை ஒரு சிறுவன் தத்தும் மைனாக் குஞ்சைக் கையில் ஏந்தி ஓடி வரும்போது, அவனைக் கடியாமலும் கூண்டு வாங்கித் தராமலும், அது விழுந்த மரத்தடிக்கே அவனை அழைத்துச் சென்று, சற்று எட்டி நின்று, தாய்ப் பறவை வரும்வரை காத்திருக்கக் கற்பிப்போமாக.

எவ்வுயிரும் அச்சமின்றி வாழ்க!